ஒகேனக்கல் பயணம்: ஆடி நீராடல் முதல் வார விடுமுறை வரை

ஒகேனக்கல், தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்துள்ள சிற்றூர். காவிரி கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் பகுதியில் பாறைப் பிளவுகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து இங்கு அருவிகளாக விழுகிறது. தருமபுரியிலிருந்து சுமார் 46 கி.மீ., சேலத்திலிருந்து சுமார் 114 கி.மீ., பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சுமார் 180 கி.மீ. தொலைவில் உள்ளது.

ஆடி மாதத்திலும் அமாவாசை நாட்களிலும் நீராட வருவோரின் துறையாக இருந்த இவ்வூர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சனி, ஞாயிறு விடுமுறையைக் கழிக்க வருவோரின் ஊராகவும் ஆனது. முன்பு ஆற்றில் நீர் பெருகும் காலமே பயண நாளை முடிவு செய்தது. இன்று நகரத்து அலுவலகங்களின் விடுமுறை நாள் அதை முடிவு செய்கிறது. ஆற்றில் வரும் நீரின் அளவையோ மழையோடு மேலே உள்ள அணைகளும் முடிவு செய்கின்றன. இவை ஒத்துப்போகாத நாட்களில் வருமானம் இழப்பவர்கள் பரிசல் ஓட்டிகளும், மீன் சமைக்கும் பெண்களும், எண்ணெய் தேய்த்து விடும் தொழிலாளர்களுமே.

பெயரும் நிலமும்

கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை, ‘கல்’ என்றால் பாறை. அருவி விழும் வேகத்தில் எழும் நீர்த்திவலைகள் பாறைகளுக்கு மேல் புகைபோலப் பரவுவதால் இப்பெயர் அமைந்தது. எல்லையோர ஊர் என்பதால் கன்னடப் பெயர் தமிழ் ஒலிப்பில் ஒகேனக்கல் என நிலைபெற்றது. சுற்றுலா விளம்பரங்களில் ‘இந்தியாவின் நயாகரா’ என்றும் குறிப்பிடப்படுகிறது.

இப்பகுதியில் கார்பனடைட் எனப்படும் அரிய வகை எரிமலைக் குழம்புப் பாறைகள் உள்ளன. இவை ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் பழமையானவை என நிலவியலாளர்கள் கணித்துள்ளனர். தெற்காசியாவின் மிகப் பழைய கார்பனடைட் பாறைகளுள் இவையும் அடங்கும். கெட்டியான பாறையில் ஆறு நெடுங்காலமாக அறுத்த குறுகலான பிளவுகளே இன்று பரிசல் செல்லும் நீர்வழிகள். தருமபுரி மாவட்டக் காடுகளிலிருந்து வரும் சின்னாறு இங்கு காவிரியுடன் கலக்கிறது.

நீராடல் காலம்

ஒகேனக்கல்லுக்கான பழைய பயணம் பஞ்சாங்கத்தைப் பார்த்து முடிவு செய்யப்பட்டது. ஆடி பதினெட்டாம் பெருக்கு, ஆடி அமாவாசை, புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகியவை முக்கிய நாட்கள். அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பர். ஆடிப்பெருக்கில் பெண்கள் காவிரியை வணங்கித் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்வர். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து சாமி சிலைகளையும் ஆயுதங்களையும் கொண்டுவந்து ஆற்றில் நீராட்டி எடுத்துச் செல்லும் வழக்கமும் உண்டு. ஆற்றங்கரையில் தேசநாதேஸ்வரர் கோயில் அமைந்துள்ளது.

இப்பயணத்திற்குத் தனியாகத் திட்டமிட வேண்டியதில்லை. நாள் எல்லோருக்கும் தெரிந்தது. ஊரோடு கூட்டமாகப் புறப்பட்டு, கட்டுச்சோறுடன் வந்து, நீராடி, ஆற்றங்கரையிலேயே உண்டு திரும்பினர். ஆடியில் குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் நீர் காவிரியில் பெருகி வரும் காலமே விழாக் காலமாகவும் இருந்தது.

எல்லையான ஆறு

மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின் 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தது. பின்னர் தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதியாயிற்று. ஒகேனக்கல்லுக்கு எதிர்க்கரையில் இருந்த கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எனவே ஆங்கிலேயர் காலத்தில் ஆற்றின் இரு கரைகளும் சென்னை மாகாணத்துக்குள்ளேயே இருந்தன.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. இரு மாவட்டங்களைப் பிரித்த ஆறு அன்று முதல் இரு மாநிலங்களைப் பிரிக்கும் எல்லையானது. எதிர்க்கரை இன்று கர்நாடகத்தின் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது. சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று உருவானது.

அணைகளுக்கு இடையே

சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1924இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்து காவிரியின் இரு பெரும் அணைகள் முழுமை பெற்றன. மாண்டியா அருகே கிருஷ்ணராஜசாகர் அணையின் பணி 1911இல் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. 1970களில் கபினி அணையும் சேர்ந்தது.

இதனால் ஒகேனக்கல் அணைகளுக்கு நடுவில் அமைந்த ஊராயிற்று. மேலே உள்ள அணைகள் நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால் அருவி பெருகும். அணைகள் மூடப்பட்டால், இடைப்பட்ட காடுகளில் பெய்யும் மழையும் அர்க்காவதி போன்ற துணையாறுகளும் தரும் நீரே வரும். மேட்டூர் நீர்த்தேக்கம் நிறையும்போது அதன் பின்னீர் ஒகேனக்கல்லை நெருங்குகிறது. அங்கு பிடிபடும் மீன்களும் ஒகேனக்கல் கடைகளுக்கு வருகின்றன.

சாலையும் வார விடுமுறையும்

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதை ரயில் 1906இல் வந்தது. 1913இல் ஓசூர் வரை நீட்டிக்கப்பட்ட அப்பாதை 1941இல் மூடப்பட்டது. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்கு ரயில் வந்ததே இல்லை. பென்னாகரத்திலிருந்து காட்டு வழியாக வளைந்து இறங்கும் மலைச்சாலையே முதன்மையான வழி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக மற்றொரு காட்டுச்சாலையும் உண்டு.

ஒகேனக்கல்லைப் பார்க்காதவர்களுக்கும் அதைப் பழக்கப்படுத்தியது திரைப்படம். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’வின் பாடல் காட்சிகளில் இவ்வருவி இடம்பெற்றது. எதிர்க்கரைக் காட்டில் உள்ள கோபிநத்தம் வீரப்பனின் சொந்த ஊர் என்பதால், அதே ஆண்டுகளில் இச்சுற்றுக் காடுகள் அச்சத்துக்குரியனவாகவும் இருந்தன. 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் அதிரடிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பெங்களூரில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகி, வாரத்தில் இரு நாள் விடுமுறை பரவலானபோது, காலையில் புறப்பட்டு மறுநாள் திரும்பக்கூடிய தொலைவில் இருந்த ஒகேனக்கல்லுக்குப் பயணிகள் கூடினர். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியே செல்லும் தேசிய நெடுஞ்சாலை விரிவுபடுத்தப்பட்டது பயணத்தை எளிதாக்கியது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஓட்டலோடு தனியார் விடுதிகளும் பெருகின. பொங்கல் விடுமுறை, கோடை விடுமுறை ஆகியவையும் கூட்ட நாட்களாயின. ஏப்ரல், மே மாதங்களில் அருவி மெலிந்திருந்தாலும் பள்ளி விடுமுறை என்பதால் குடும்பங்கள் வருகின்றன.

பரிசல், மீன், எண்ணெய்

ஒகேனக்கல்லின் தனித்த அடையாளம் பரிசல். மூங்கிலைப் பிளந்து வட்டக் கூடையாக முடைந்து, அடியில் முன்பு தோலும் இன்று தாரும் பிளாஸ்டிக் விரிப்பும் பொருத்திச் செய்கின்றனர். முன்பின் இல்லாத வட்ட வடிவம் என்பதால் சுழலிலும் குறுகிய பிளவிலும் எப்பக்கமும் திருப்ப முடியும். ஆழம் குறைந்த இடத்திலும் தட்டாமல் செல்லும். கரை கடக்கவும் மீன் பிடிக்கவும் பயன்பட்ட பரிசல், சுற்றுலா வளர்ந்தபின் பயணிகளை ஏற்றும் தொழிலாயிற்று. சின்னாறு, கோத்திக்கல், மாமரத்துக்கடவு ஆகியவை பரிசல் சவாரியோடு தொடர்புடைய இடங்கள்.

2015 ஏப்ரலில் பரிசல் கவிழ்ந்து சென்னையிலிருந்து வந்த குடும்பத்தினர் சிலர் உயிரிழந்தனர். அதன்பின் பரிசலில் ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கையும் உயிர்காப்பு உடையும் கண்டிப்பாகக் கவனிக்கப்பட்டன. ஆட்களைக் குறைத்ததால் பயணிகளின் பாதுகாப்பு கூடியது. ஆனால் பரிசல் ஓட்டிக்கு ஒரு சவாரியில் கிடைக்கும் தொகை, எத்தனை பேரை ஏற்றலாம் என்பதையும் நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தையும் சார்ந்தே இருக்கிறது.

ஆற்றங்கரையில் பயணிகள் மீன் வாங்கிக் கொடுத்தால், அங்கேயே குழம்பும் வறுவலும் செய்து தரும் பெண்கள் உள்ளனர். அருவியில் குளிக்கும் முன் உடல் முழுதும் எண்ணெய் தேய்த்துப் பிடித்து விடும் தொழிலாளர்களும் பலர். இவர்கள் எல்லோருக்கும் அன்றன்றைய கூட்டமே கூலி.

நீர்ப் பூசலும் பயணமும்

ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் நீரளவு நிலையம் உள்ளது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தரும் நீர் இங்கேதான் கணக்கிடப்படுகிறது. 1990இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு வழங்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் வர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. பயணி அருவியாகக் காணும் நீர், அதற்குச் சற்றுமுன் இரு மாநில வழக்கின் கணக்கில் பதிவான நீர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதியாக இருப்பதால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டவர்கள் பலர். இதற்குத் தீர்வாக ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது. 2008 பிப்ரவரியில் முதல்வர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புப் போராட்டங்கள் எழுந்தன. சென்னையில் திரைத்துறையினர் உண்ணாவிரதம் இருந்தனர். ரூ.1,928.80 கோடி மதிப்பிலான திட்டத்தை 2013 மே மாதம் முதல்வர் ஜெ. ஜெயலலிதா தொடங்கி வைத்தார். பூசல் கடுமையான 1991, 2016 போன்ற ஆண்டுகளில் பெங்களூரில் வன்முறை வெடித்து, இரு மாநிலங்களுக்கிடையே பேருந்துப் போக்குவரத்து தடைபட்டது. பெங்களூர்ப் பயணிகளை நம்பியிருக்கும் ஊருக்கு அது நேரடி இழப்பு.

வெள்ளமும் தடையும்

கர்நாடக அணைகளிலிருந்து உபரி நீர் மிகுதியாகத் திறக்கப்படும்போது, மாவட்ட நிர்வாகம் அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிக்கிறது. பென்னாகரம் சாலையில் மடம் சோதனைச்சாவடியிலேயே வண்டிகள் திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு. 2018 ஆகஸ்டில் நீர்வரத்து விநாடிக்கு 2 இலட்சம் கன அடியைத் தாண்டியது. மெயின் அருவிக்குச் செல்லும் நடைபாதையும் தடுப்புக் கம்பிகளும் சேதமடைந்தன. வெள்ளம் வடிந்த பின்னும் நெடுநாள் குளிக்க முடியவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் மூடப்பட்ட சுற்றுலாவும் பல மாதங்கள் கழித்தே திறந்தது.

2024 ஜூலை இறுதியில் மேட்டூர் அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. அவ்வாண்டு ஆடிப்பெருக்கு நாளில் ஒகேனக்கல்லில் வெள்ளம் காரணமாக நீராடத் தடை இருந்தது. பெருக்கைக் கொண்டாடும் நாளில் பெருக்கே மக்களைக் கரையில் நிறுத்தியது. வார விடுமுறைப் பயணி அடுத்த வாரம் வரலாம். ஆடிப்பெருக்குக்கு வந்தவருக்கு அடுத்த நாள் ஓராண்டு கழித்தே.

இன்றைய பயணத் திட்டம்

ஒகேனக்கல் செல்ல நினைப்போர் இன்று விடுதி முன்பதிவுக்கு முன் நீர்வரத்துச் செய்தியைப் பார்க்கின்றனர். காலை நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் மழைக்காலத்தில் ஒகேனக்கல் நீர்வரத்தை நாள்தோறும் கன அடியில் வெளியிடுகின்றன. நீர்வரத்து மிகக் குறைந்தால் பரிசல் செல்லும் தூரம் சுருங்கும். மிகக் கூடினால் பரிசலே கரையேறிவிடும். வெள்ளம் வடிந்த பிறகு, கோடை தொடங்கும் முன் வரும் மாதங்கள் குளிக்கவும் பரிசலில் செல்லவும் ஏற்றவை. மெயின் அருவி, ஐந்தருவி, தொங்கு பாலம், வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையம் ஆகியவற்றை ஒரே நாளில் பார்க்கலாம். சுற்றியுள்ள காடுகளில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அமைந்துள்ளன. யானைகள் நடமாடும் பகுதி என்பதால் காட்டுச்சாலைகளில் பகலில் செல்வதே பாதுகாப்பானது.

மேலே மேகேதாட்டுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் முன்வைத்துள்ள திட்டத்தைத் தமிழ்நாடு எதிர்த்து வருகிறது. அவ்வணை அமைந்தால் ஒகேனக்கல்லுக்கு வரும் நீரில் இன்னொரு மதகின் கட்டுப்பாடும் சேரும். டெல்டா உழவர்களைப் போலவே ஒகேனக்கல் பரிசல் ஓட்டிகளின் பிழைப்பும் காவிரியில் எப்போது, எவ்வளவு நீர் வருகிறது என்பதைச் சார்ந்திருக்கிறது.