முதுசமோ, தேடினதோ?

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கப் போகிறவர் விலை பேசுமுன் கேட்க வேண்டியது இதைத்தான்: காணி முதுசமோ, தேடினதோ?

முதுசொம் என்பதே பேச்சில் முதுசம் ஆயிற்று. முது என்றால் பழைமை, சொம் என்றால் உடைமை. தமிழ்நாட்டார் பூர்வீகச் சொத்து என்பது இங்கே முதுசம். 1707இல் ஒல்லாந்தரின் யாழ்ப்பாண அதிகாரியான திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களை ஒல்லாந்த மொழியில் எழுதி, பன்னிரண்டு முதலிமாருக்குக் காட்டி உறுதிப்படுத்தினார். அதுவே தேசவழமை. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு கொடுத்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று சொற்களையும் அவர்கள் கைவிடவில்லை. ஆங்கிலத் தீர்ப்புகளிலும் அப்படியே கிடக்கின்றன. நல்லதுதான்.

கலியாணத்துக்குப் பின் உழைத்து வாங்கினால் தேடியதேட்டம். பெற்றோர் கண்மூடி அது பிள்ளைகளுக்கு இறங்கியதும் முதுசம். ஒரு தலைமுறையே போதும், புது வீடும் முதுமை எய்தும்!

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நாலு பிள்ளைகளுக்கு இறங்கிய எட்டுப் பரப்புக் காணியில் ஒருவருக்குக் காற்பங்கு என்றால், கிணற்றடிப் பக்கத்து இரண்டு பரப்பு அவருடையது என்று பொருளல்ல. பிரிபடாத காணியில் ஒவ்வொரு குழியிலும் நால்வருக்கும் பங்கு உண்டு. அவர் விற்பது அந்தப் பங்கை மட்டுமே. வேலி போட்டு அனுபவிப்பது வேறு, காணிப் பத்திரமாகிய உறுதியில் பிரிந்திருப்பது வேறு. வேலியை நம்பி வாங்கியவர்கள்தான் பிற்பாடு பாகப்பிரிவினை வழக்கில் நிற்கிறார்கள்.

அதையும் வெளியாளுக்கு விற்குமுன் பங்காளருக்கும் உரிமைக்காரருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது தேசவழமை. பழைய தொகுப்பில், காணியை ஈடு பிடித்திருந்த அயற்காணிக்காரருக்கும் அந்த முன்னுரிமை இருந்தது. 1947இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. அறிவிக்காமல் விற்றால், பங்காளர் வழக்குப் போட்டு, பணத்தைக் கட்டிக் காணியைத் தம் பக்கம் எடுக்கலாம். இந்த முன்னுரிமை ஆளைப் பார்ப்பதில்லை, காணியைப் பார்க்கிறது. வடமாகாணத்துக் காணி என்றால், உடையவர் தமிழரல்லாவிட்டாலும் பொருந்தும்.

காணி பிரிந்த பின்னும் சில பொதுவாகவே கிடக்கும். எல்லைகளைச் சொல்லி முடித்த உறுதி, 'கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்' என்று நீளும். அந்த வரி இல்லாத உறுதியோடு வீட்டை வாங்கினால், வாளியோடு அடுத்த வளவுக்குப் போகும்போது முகம் பார்க்க வேண்டிவரும்.

இப்போது பங்காளரில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில். அவர்களுக்காகக் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் வந்து சேரும்வரை நொத்தாரிசு உறுதியைத் தொடமாட்டார்.