மாற்றத்துக்கும் ஒரு கணக்கு



கணினிக்கு எழுதும் கட்டளைகளைப் பலர் கூடித் திருத்துவார்கள். யாரு மாத்தினது, எப்போ, எதுக்கு என்று தெரியவேண்டாமா? அதற்கென்றே 1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் ஒரு பதிவேட்டு முறை கண்டார். பழைய வரி அழியாது. ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாகும்.

இப்படிப்பட்ட பதிவின் அருமை 2003 நவம்பரில் விளங்கியது. லினக்ஸ் என்னும் கணினி அமைப்பின் பிரதி ஒன்றில் எவனோ இரண்டே வரிகளைத் திருட்டுத்தனமாக நுழைத்துவிட்டான். இரண்டு சமக்குறி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. பார்த்தால் கைப்பிழை மாதிரி தெரியும். விட்டிருந்தால் கணினியின் முழு அதிகாரமும் திருடன் கைக்குப் போயிருக்கும். மூலப் பதிவேட்டில் அந்த மாற்றத்துக்குக் கணக்கே இல்லை, அதனால்தான் அகப்பட்டது.

மாணவர்களே, திருத்துவது குற்றமன்று. மறைத்துத் திருத்துவதே குற்றம்!