அக்கரையில் நின்ற அம்மா

திருச்சி மலைக்கோட்டையில் பாதி மலையில் இருக்கும் தாயுமானவரின் கதை ஊரறிந்தது. ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம். துணைக்கு வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, ஈசனே தாயுருவில் வந்து மருத்துவம் பார்த்தார் என்பது தலபுராணம். சித்திரைத் திருவிழாவில் இன்றும் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ நடக்கிறது. சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் சாத்துகிறார்கள். தாய்ப்பாசத்தின் பெருமையாகவே இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இது வேறொன்றையும் சொல்கிறது. எவ்வளவு பாசமுள்ள குடும்பமும் வந்து சேர முடியாத ஒரு நாள் வரும், அன்றைக்கு யார் பார்ப்பது என்ற கவலையிலிருந்துதான் இந்தக் கதையே தொடங்குகிறது. பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வீடே திரண்டு நிற்கும் வழக்கத்தைப் பேசும்போது, ‘அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது’ என்கிறோம். அது பாதி உண்மைதான் என்பதற்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் சான்று இருக்கிறது.

ஹொய்சள மன்னன் ராமநாதன் காலத்தில், 1257ஐ ஒட்டி, ஸ்ரீரங்கம் கோயிலில் ஓர் ஆரோக்கியசாலை ஏற்பட்டது. அடுத்த நூற்றாண்டின் படையெடுப்புகளில் கோயில் பட்ட பாடு பெரிது. கோயிலின் உற்சவரான நம்பெருமாளே ஊரைவிட்டுப் போய் 1371இல்தான் திரும்பினார். பழுதாகிக் கிடந்த அந்தச் சாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. கோபுரமும் மதிலும் எழுப்பிய கையோடு நோயாளிக்கான இடத்தையும் மீட்டெடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது சின்ன விஷயமல்ல. இப்படிப்பட்ட சாலைக்குள் என்ன நடந்தது என்பதைக் காட்டுவது, காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. அங்கிருந்த ஆதுலர் சாலையில், அதாவது நோயாளிகளுக்கான சாலையில், 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், மருந்து காய்ச்சி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். இரவில் எரியும் ஒரு விளக்குக்கு எண்ணெய்ச் செலவும் கணக்கில் இருக்கிறது. நடுராத்திரியில் தண்ணீர் கேட்பவருக்கு முகம் தெரிய வேண்டுமே!

அந்தச் சாலை கோயில் ஊழியருக்கும் வேதம் படித்த மாணவருக்கும்தானே, வீட்டுப் பாட்டிக்கு அங்கே இடமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருமுக்கூடல் சாலை எல்லோருக்கும் திறந்ததல்ல. பாட்டிமார் வீட்டுத் திண்ணையையும் கட்டுப்போடும் வைத்தியரையும்தான் நம்பியிருந்திருப்பார்கள். ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்வது கூலி பெறவேண்டிய வேலை, தேர்ந்த ஆள் செய்யவேண்டிய வேலை என்பதை அந்தக் கல்வெட்டு ஒப்புக்கொள்கிறது. வீட்டுக்குள் அதே வேலை பாசம் என்ற பெயரில் ஒரே ஒரு பெண்ணின் தலையில், பெரும்பாலும் மருமகளின் தலையில், விழுந்தது. ‘குடும்பம் பார்த்துக்கொண்டது’ என்ற வாக்கியத்தில் அந்தப் பெண் காணாமல் போகிறாள்.

இடுப்பெலும்பு முறிவு இதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது. அறுவை செய்து, கூடிய சீக்கிரம் வாக்கர் பிடித்து நடக்கவைப்பதுதான் இன்றைய மருத்துவம். படுத்தே கிடந்தால் படுக்கைப்புண், நுரையீரல் சளி, காலில் ரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியிலும். ஒருவரால் ஆகிற காரியமா இது? வேலைக்கு ஆள் வைத்தால் பாசம் குறைந்துவிடும் என்பவர்கள், ராத்திரி முழுக்க விழித்தவளின் கை மறுநாள் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். தேர்ந்த கை புரட்டிவிட, பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பழங்கதை கேட்டால் பாட்டிக்கு இரண்டுமே கிடைக்கும்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையையும் பராமரிப்பில் சேர்த்திருக்கிறது. சட்டத்தால் அன்பை வரவழைக்க முடியாது என்பது சரி. பொறுப்பு யாருடையது என்று சொல்ல முடியும். ‘பிள்ளைகள்’ என்று அது சொல்வது மகன், மகள், வயதுவந்த பேரன், பேத்தி ஆகியோரை. அந்தப் பட்டியலில் மருமகள் இல்லை.