பொதுப் பணமும் பொதுப் பந்தியும்

நமது சங்கக் காரியாலயத்துக்குச் சமீபத்தில் ஒரு விண்ணப்பம் வந்தது. நம்மவர் பெருந்தொகையாய் வசிக்கும் ஒரு கிராமத்திலிருந்து, குடும்பத் தலைவர்கள் சிலர் கையெழுத்திட்டு அனுப்பியது. தங்கள் ஊர்ச் சர்க்கார் பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் ஆதிதிராவிட வகுப்பைச் சேர்ந்த ஓர் அம்மையார் சமையலராக நியமிக்கப்பட்டிருப்பதாகவும், அவர் கையாற் சமைத்ததைத் தம் குழந்தைகள் உண்பதற்குத் தங்கள் மனம் ஒப்பவில்லையென்றும், ஆதலால் அவரை வேறிடத்துக்கு மாற்றும்படி சங்கத்தின் பேரால் அதிகாரிகளுக்கு எழுத வேண்டுமென்றும் அதிற் கேட்டிருந்தார்கள். அவ்வாறு எழுத நாம் இசையவில்லை. இசையாததற்குக் காரணங் கூறுவது நமது கடமை. அக்காரணம் ஒரு சரித்திரமாதலின், அதை இங்கே முறையாக எழுதலானோம்.

பள்ளிக்கூடத்தில் சோறிடும் வழக்கம் நம் நாட்டில் ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. சென்னை நகரசபைக்குப் பிட்டி தியாகராய செட்டியார் தலைவராயிருந்த 1920-ம் வருஷம் செப்டெம்பர் மாதத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்கு மத்தியான ஆகாரம் அளிப்பதென்று தீர்மானமாயிற்று. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமற் செலவிடலாம் என்பது ஏற்பாடு. பசியினால் பள்ளிக்கு வாராத ஏழைக் குழந்தைகள் வரத் தொடங்கினர். ஆயினும் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குப் பணம் எடுக்க அக்காலத்துச் சர்க்கார் இடங்கொடாமையால் 1925-ல் அது நின்றுபோய்ப் பிற்பாடே மீண்டது. வரிப்பணத்தைக் கொண்டு குழந்தைகளின் வயிற்றை நிரப்புவது தருமமேயன்றிச் சர்க்காரின் கடமையும் ஆகும் என்ற எண்ணம் இவ்வாறு முதலில் வேரூன்றியது.

அந்தக் காலத்திலேயே மற்றொரு கேள்வியும் எழுந்தது. பொதுப் பணத்தால் நடப்பது எதுவோ, அதில் யாருக்கு இடமுண்டு, யாருக்கு இல்லை என்பதே அக்கேள்வி. 1924-ல் சென்னைச் சட்டசபையில் ஆர். வீரையன் அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொதுக் காரியாலயம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் தடையின்றி உபயோகிக்கலாம் என்பது அதன் சாரம். சட்டசபை அதனை ஏற்றது. இன்று படிப்போருக்கு இது சாதாரணமாய்த் தோன்றும். சாலையில் நடப்பதற்கும் தண்ணீர் மொள்வதற்கும் தீர்மானம் வேண்டியிருந்த காலம் அது.

சாலைக்கும் கிணற்றுக்கும் ஏற்பட்ட இந்த விதி சோற்றுப் பந்திக்கும் செல்லுமா என்பது திருநெல்வேலி ஜில்லா சேரன்மாதேவியில் பரீட்சைக்கு வந்தது. தேசபக்தர் வ. வே. சு. ஐயர் அங்கே ஒரு தமிழ்க் குருகுலம் நடத்திவந்தார். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டி அதற்குப் 10,000 ரூபாய் உதவுவதாய் ஒப்பி, 5,000 ரூபாய் கொடுத்தது. வேறு பலரும், மலாயாவில் வாழ்ந்த தமிழர்களும்கூட, பொருளுதவி செய்தனர். அக்குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவர் தம் பெற்றோரின் விருப்பப்படி தனியே உண்டு வந்தனர் என்ற செய்தி வெளியாயிற்று. இருவர்தானே என்று அதனை அற்பமாக எண்ணிவிட இயலவில்லை. டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு தமது 'தமிழ்நாடு' பத்திரிகையில் கண்டித்து எழுதினார். ஈ. வெ. ராமசாமியார் மேற்கொண்டு பணம் கொடுக்கக் கூடாதென்று நின்றார். 1925-ல் காங்கிரஸ் கமிட்டி கூடி, தேசிய இயக்கத்தைச் சார்ந்த எந்த ஸ்தாபனத்திலும் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாதென்ற கருத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதனை ஒட்டிக் கமிட்டியில் சிலர் ராஜினாமாச் செய்தனர். ஐயரும் குருகுலப் பொறுப்பினின்று விலகினார். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பாபநாசத்து அருவியில் தம் மகளைக் காப்பாற்றப் புகுந்து, அவ்விருவரும் மாண்டனர். அச்செய்தி கேட்டு, எதிர்த்தவர்களும் வருந்தினர்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐயரின் தேசபக்தியை அன்று ஒருவரும் சந்தேகிக்கவில்லை. அப்பெற்றோர் தம் வீட்டில் எவ்வாறு உண்கின்றனர் என்றும் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருடைய பணத்தாலும் வளரும் ஒரு கல்விச்சாலையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனி இலை போட்டால், எஞ்சிய பிள்ளைகள் அத்தனை பேரும் ஒவ்வொரு வேளையும் தாம் தாழ்ந்தவர் என்ற பாடத்தையே படிப்பார்கள் என்பதுதான் வாதம். அப்பாடத்தைப் பொதுப் பணத்தில் கற்பிக்கக் கூடாதென்பதே முடிவு.

சுயராஜ்யம் வந்தபின் இம்முடிவு சட்டமாயிற்று. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 17-வது விதி தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஏற்பட்டது. காமராஜர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில், கல்வி இலாகாத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் உழைப்பால், 1956 முதற்கொண்டு பள்ளிக்கூடங்களில் மத்தியான உணவு பரவியது. முதலில் ஊர் ஜனங்களே நெல்லும் பருப்பும் காய்கறியும் கொடுத்தார்கள். பின்னர்ச் செலவில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது.

அதன்பின் உணவோடு உணவைப் பற்றிய படிப்பும் சேர்ந்தது. 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி மத்திய சர்க்கார் ஆரம்பித்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் ஆறு பணிகளில், தாய்மாருக்குப் போஷாக்கும் சுகாதாரமும் பற்றிக் கற்பித்தல் ஒன்று. 1980-ல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாட்டிற் தொடங்கிய போஷாக்குத் திட்டத்தில், கிராமத்துப் பணிப்பெண்கள் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைந்ததற்குக் காரணத்தையும் பரிகாரத்தையும் தாய்மாருக்கு எடுத்துச் சொன்னார்கள். 1982-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி எம். ஜி. ராமச்சந்திரன் அவர்களின் சர்க்கார் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆயிரக்கணக்கான ஸ்திரீகளுக்கு வேலை கிடைத்தது. அவர்களிற் கைம்பெண்களும் ஆதரவற்றவர்களும் பலர். 1989-ல் முட்டை சேர்ந்தது. 2010-ல் வாரத்துக்கு 5 முட்டை என்றாயிற்று. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் கொடுப்பதும் வழக்கமாயிற்று. 2022-ம் வருஷம் செப்டெம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவும் தொடங்கியது.

இவ்வளவும் நடந்தும் பழைய வேற்றுமை ஒழிந்துவிடவில்லை. வேறு வாசல்களால் உள்ளே நுழைந்தது. முதல் வாசல், இடம். சோற்றுக்கூடமும் குழந்தைகள் மையமும் பெரும்பாலும் ஊர்த்தெருவில் அமைந்தமையால், சேரிக் குழந்தைகளும் தாய்மாரும் தயங்கித் தயங்கி வர நேர்ந்தது. எடை பார்க்கும் இடத்துக்கே வராத தாய்க்குப் போஷாக்குப் படிப்பு எவ்வாறு சேரும்? இரண்டாம் வாசல், பந்தி. சில இடங்களில் தனி வரிசை, தனித் தட்டு, கடைசியில் பரிமாறுதல். மூன்றாம் வாசல், அடுப்பங்கரை. ஆதிதிராவிடப் பெண்களை நியமியாதிருத்தல், நியமித்தால் கிளர்ச்சி செய்து விலக்குதல். சுகதேவ் தோராட், ஜோயெல் லீ என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் தமிழ்நாடு உட்பட ஐந்து ராஜ்யங்களில் 531 கிராமங்களைப் பற்றி விசாரித்து 2005-ல் வெளியிட்ட கட்டுரையில் இம்மூன்றும் பதிவாகியுள்ளன. நம் தமிழ்நாட்டிலேயே சமையலரின் ஜாதியைக் காட்டிப் பெற்றோர் எதிர்த்த செய்திகள் 2018-லும் 2023-லும் பத்திரிகைகளில் வெளியாயின. நமக்கு வந்த விண்ணப்பம் அவ்வரிசையில் ஒன்றே.

உச்ச நீதிமன்றமும் இதனைக் கண்டுகொண்டது. உணவு உரிமை வழக்கில் 2001-ம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி, ஆரம்பப் பள்ளிக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் உடைய சமைத்த உணவு, வருஷத்தில் 200 நாட்களுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. 2004-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், சமையலர் உதவியாளர் நியமனத்தில் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டுமென்றது. குழந்தைகள் மையங்கள் அமைப்பதிலும் அவர்கள் குடியிருப்புக்களுக்கே முதலிடம் தரவேண்டுமென்று பின்னர்க் கட்டளையிட்டது. வயிற்றுக்கு இவ்வளவு என்று அளந்த அதே கோர்ட்டு, அடுப்பண்டை யார் நிற்கலாம் என்பதையும் கவனித்ததன் காரணத்தை நாம் ஆலோசிக்க வேண்டும். சோற்றைக் கொடுத்து மரியாதையைப் பறித்தால், கொடுத்தது பாதி வீணாகும்.

இனி விண்ணப்பம் செய்த சகோதரர்களுக்கு நேராகச் சில சொல்ல விரும்புகிறோம். நீங்கள் சுத்தத்தைக் கருதியே எழுதியதாக நேரிற் கூறினீர்கள். உங்கள் விண்ணப்பத்தை இருமுறை படித்தோம். அரிசியிற் கல் இருந்ததென்றோ, பருப்பு வேகவில்லையென்றோ, அண்டா கழுவப்படவில்லையென்றோ அதில் ஒரு வரியும் இல்லை. இருந்திருந்தால் நாமே முன்னின்று அதிகாரிகளுக்கு எழுதியிருப்போம். குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒவ்வாது என்பதைச் சொல்லப் பெற்றோருக்குப் பூரண உரிமை உண்டு. முட்டைக்குப் பதில் வாழைப்பழம் கேட்பது அவ்வுரிமையின் பாற்பட்டது. உண்பொருளில் விலக்கு வேண்டுவது வேறு. உலை வைத்தவரின் பிறப்பில் விலக்கு வேண்டுவது வேறு. முன்னதற்குப் பொதுப் பந்தியில் இடம் உண்டு. பின்னது 1955-ம் வருஷத்துச் சட்டத்தாலும், 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தாலும் வழக்குக்கு இடமாகக்கூடியது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

சங்கம் நம்மவருக்காக ஏற்பட்டதன்றோ, நம்மவர் கேட்டதை மறுக்கலாமோ என்றும் சிலர் வினவினர். நம்மவருக்காக ஏற்பட்டதாலேயே மறுக்கிறோம். நம் சமூகத்துக் கைம்பெண்கள் பலர் வெளியூர்களில் இதே சத்துணவு வேலையால் பிள்ளைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அவ்வூர்களில் நம்மினும் தம்மை உயர்ந்தோராகக் கருதுவோர் இல்லாமலில்லை. ஜாதியைச் சொல்லிச் சமையலரை மாற்றலாம் என்ற வழக்கம் ஏற்பட்டால், அந்தக் கத்தி நாளை எந்தக் கழுத்தில் விழும்? நம் பாட்டனார் காலத்தில் சில ஊர்க் கிணறுகளும் சில சோற்றுக்கடைகளும் நமக்கு அடைபட்டிருந்ததை முதியோர் பலர் இச்சங்கக் கூட்டங்களிற் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அவமானத்தைத் துடைக்கவே இச்சங்கம் பிறந்தது. பிறருக்கு அதே அவமானத்தை இழைக்க அதன் முத்திரையைத் தர மாட்டோம்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் குழந்தையைப் பந்தியினின்று எழுப்பி வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளில், அதன் தட்டிலிருந்து ஒரு முட்டையும் ஒரு பிடி பருப்பும் குறைகின்றன. அதனினும் பெரிய நஷ்டம், ஒரு மனிதரை வெறுக்கக் காரணம் தேவையில்லை என்பதை அது அன்றைக்கே கற்றுக்கொள்வது. இலக்கணமும் கணக்கும் மறந்துபோகலாம். பசிவேளையிற் படித்த பாடம் மறப்பதில்லை.

ஆகவே நமது நிர்வாக சபையார் கூடிச் செய்த முடிவை அங்கத்தினர் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்கிறோம். மேற்படி விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. பொதுப் பணத்தால் நடக்கும் உணவுக்கூடங்களிலும் தாய்மார் வகுப்புக்களிலும் ஜாதி வித்தியாசம் பாராட்டும்படி சங்கத்தின் பேரால் எக்காலத்தும் எவரும் எழுதலாகாதென்று குறிப்பேட்டிற் பதிவு செய்யப்பட்டது. அடுத்த மாதம் சபையினர் சிலர் அவ்வூருக்குச் சென்று குடும்பத் தலைவர்களோடு கலந்து பேசுவார்கள். பேசி முடிந்தபின், பள்ளியாரின் அனுமதி பெற்று, குழந்தைகளின் பந்தியிலேயே உட்கார்ந்து அவ்வம்மையார் சமைத்த உணவை உண்பார்கள். விண்ணப்பத்திற் கையெழுத்திட்ட சகோதரர்களும் அன்று உடனிருந்து உண்ண வேண்டுமென்பது நமது வேண்டுகோள்.