நாலு நாலாக வரும் சீன எண்கள்

சிற்றலை வானொலியைத் திருகிக்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த நிலையம் பரிச்சயம். முதலில் புல்லாங்குழல் இசை. அப்புறம் மாண்டரின் மொழியில் ஒரு பெண் குரல்: இது புதிய நட்சத்திர வானொலி நிலையம் என்று அறிமுகம். அதன்பின் நான்கு நான்கு இலக்கங்களாக எண்களை வாசித்துக்கொண்டே போகும். கடைசியில் கேட்டதற்கு நன்றி, ஆரோக்கியமாக, சந்தோஷமாக இருங்கள் என்று வாழ்த்திவிட்டு நின்றுவிடும். பாட்டு, செய்தி, விளம்பரம் எதுவும் கிடையாது.

ஒலிபரப்பு வருவது தைவானிலிருந்து. சீனப் பெருநிலத்தில் இருக்கும் உளவாளிகளுக்காக என்பதுதான் கேட்பவர்களின் பொதுவான கணிப்பு. இந்த மாதிரி எண் நிலையங்களைத் தேடிப் பதிவு செய்யும் ஆர்வலர் குழு ஒன்று 1990களில் பிரிட்டனில் இயங்கியது. பெயர் எனிக்மா. ஆங்கிலத்தில் வாசித்தால் 'ஈ', ஜெர்மன் என்றால் 'ஜி', ஸ்லாவிய மொழிகள் என்றால் 'எஸ்', மற்ற எல்லாவற்றுக்கும் 'வி' என்று வகை பிரித்தார்கள். அந்தக் கணக்கில் நம் புல்லாங்குழல் நிலையத்தின் பெயர் வி13.

சரி, இதை உடைக்க முடியுமா? புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது.

முதலில் காதில் விழ வேண்டுமே

சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. ஒரே ஒலி இரண்டு மூன்று பாதைகளில் வந்து ஒன்றோடொன்று மோதும்போது குரல் தேய்ந்து, கரகரத்து, உள்வாங்கிவிடும். மாண்டரினில் இது இன்னும் மோசம். ஒன்றுக்கு 'யீ', ஏழுக்கு 'ச்சீ'. ஆறுக்கு 'லியூ', ஒன்பதுக்கு 'ஜியூ'. முதல் மெய்யொலி இரைச்சலில் போய்விட்டால் மிச்சம் இருப்பது ஒரே உயிரொலிதான். இந்தத் தொல்லைக்காகவே சீன ராணுவத்தில் ஒன்றை 'யாவ்', ஏழை 'குவாய்', ஒன்பதை 'கோவ்', சுழியத்தை 'டோங்' என்று மாற்றிச் சொல்கிறார்கள். விமானிகள் ஒன்பதை 'நைனர்' என்று சொல்வது போலத்தான்.

இதற்கு மேல் சீன அரசின் இரைச்சல் வேறு. பிடிக்காத வெளிநாட்டுச் சீன ஒலிபரப்புகளின் மேல் தன் தேசிய வானொலி நிகழ்ச்சியையே பல டிரான்ஸ்மிட்டர்களிலிருந்து ஏற்றி அனுப்புவார்கள். ஆர்வலர்கள் 'ஃபயர்டிரேக்' என்று பெயர் வைத்த இன்னொன்றும் உண்டு: பாரம்பரியச் சீன இசை, சுமார் ஒரு மணி நேரம், திரும்பத் திரும்ப. 'மர்மமான சீனக் குரல் கேட்டேன்' என்று யாராவது சொன்னால், அனுபவசாலிகள் முதலில் இந்த இரண்டையும்தான் சந்தேகப்படுவார்கள்.

1872இல் ஒரு யூனிகோடு

எண்கள் தெளிவாகக் கிடைத்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். நான்கு இலக்கம் என்றதும் சீனம் தெரிந்தவருக்கு உடனே தோன்றுவது தந்திக் குறியீடு.

1871இல் டென்மார்க்கின் கிரேட் நார்தர்ன் தந்தி நிறுவனம் கடலடிக் கம்பியை ஷாங்காய்க்குக் கொண்டுவந்தது. மோர்ஸ் முறையோ இருபத்தாறு எழுத்துக்காரர்களுக்கானது. ஆயிரக்கணக்கான எழுத்துள்ள சீனத்தை எப்படி அனுப்புவது? டேனிஷ் வானியலாளர் ஷெல்லரூப் ஆரம்பித்து வைத்த வேலையை, ஷாங்காயில் சுங்கத்துறை அதிகாரியாக இருந்த விகியே என்ற பிரெஞ்சுக்காரர் முடித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் 0000 முதல் 9999 வரை ஓர் எண். யூனிகோடு வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே அதே யோசனை! இன்று வழக்கத்தில் உள்ள வடிவத்தில் 'நடு' என்ற பொருள் தரும் 'சோங்' 0022. 'எழுத்து' என்ற பொருள் தரும் 'வென்' 2429. இரண்டையும் சேர்த்தால் 'சோங்வென்', சீன மொழி.

அப்போ புத்தகத்தை எடுத்து எண்களைத் தேடினால் போதுமா? தேடினால் கிடைப்பது சம்பந்தமில்லாத எழுத்துக் குப்பை. காரணம், நடுவில் இன்னொரு கணக்கு இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடக் கூட்டல், ஒரு மாற்றத்தோடு

'ஒன் டைம் பேட்' என்று ஒரு முறை. (நம் செல்போனுக்கு வரும் ஓடிபி இல்லை, இது வேறு.) அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் ஒரே மாதிரி தற்செயல் எண்கள் அச்சிட்ட சின்னத் தாள்கட்டு இருக்கும். 0022 அனுப்ப வேண்டும், தாளில் 7385 இருக்கிறது என்றால், மீதி எடுத்துச் செல்லாமல் ஒவ்வொரு இலக்கமாகக் கூட்டுங்கள்: 7307. வானொலியில் போவது இதுதான். பெறுபவர் அதே 7385ஐக் கழித்து 0022க்கு வந்துவிடுவார். அத்தோடு தாளைக் கொளுத்திவிட வேண்டும்.

ஒட்டுக்கேட்பவர் நிலைமையைப் பாருங்கள். தாளில் இருந்தது 5988 என்று அவர் ஊகித்தால், அதே 7307 இப்போது 2429 ஆகிவிடும். 'சோங்' போய் 'வென்' வந்துவிட்டது. வேறு எண்ணை ஊகித்தால் வேறு எழுத்து. எல்லா விடையும் சமமாகச் சரி, அதனால் எதுவுமே விடை இல்லை. எத்தனை வேகமான கணினி வைத்திருந்தாலும் இதுதான் கதி. இதைக் கணிதமாக நிறுவி 1949இல் வெளியிட்டவர் கிளாட் ஷானன்.

பின் எப்படி மாட்டுகிறார்கள்?

மனிதர்கள் செய்யும் தவறால். இரண்டாம் உலகப்போர் நெருக்கடியில் 1942இல் சோவியத் தரப்பு சில சாவித் தாள்களை இரண்டு முறை அச்சிட்டுவிட்டது. ஒரே சாவி இரண்டு செய்திகளில் வந்ததைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கா நடத்தியதுதான் வெனோனா. 1943இல் தொடங்கிய வேலை 1980 வரை நீண்டது.

கியூபாவுக்கு உளவு பார்த்த அமெரிக்க ராணுவ உளவு ஆய்வாளர் ஆனா மொன்டெஸ், உத்தரவுகளைச் சிற்றலை எண்களாகத்தான் வாங்கினார். எண்களை யாரும் உடைக்கவில்லை. எஃப்பிஐ ரகசியமாக அவர் வீட்டுக்குள் போய் மடிக்கணினி வட்டை நகலெடுத்தது. அழித்ததாக நினைத்தவை அதில் கிடைத்தன. 2001 செப்டம்பர் 21இல் கைது, அடுத்த வருஷம் 25 ஆண்டு சிறை.

சீனாவில் விலை இன்னும் அதிகம். தைவானுக்கு உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட உயிரி மருத்துவ விஞ்ஞானி வோ வெய்ஹான் 2008 நவம்பரில் மரண தண்டனைக்கு ஆளானார். அவர் நிரபராதி என்றே குடும்பத்தினர் வாதாடினார்கள். அவர் வழக்கை வி13ஓடு முடிச்சுப்போட நான் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் குரல் வாழ்த்தும் முகம் தெரியாத நேயர் எந்த மாதிரி ஊரில் உட்கார்ந்து காதில் இயர்ஃபோனை மாட்டியிருக்கிறார் என்பது இதிலிருந்து புரியும்.

அதனால் ஆர்வலர்கள் செய்யும் வேலை வேறு வகை. அலைவரிசை, நேரம், தொடக்க இசை, எத்தனை தொகுதிகள் என்று வருஷக்கணக்காகக் குறித்துவைக்கிறார்கள். அரசுகள் பேசாத ஒரு விஷயத்துக்கு வெளியுலகில் இருக்கும் ஆவணங்களில் அந்தக் குறிப்புகளுக்கு முக்கிய இடம் உண்டு. செய்தியின் உள்ளடக்கம் மட்டும் அவர்களுக்கு வசப்படுவதில்லை. யாராவது ஒருநாள் தற்செயலாக ஒரு செய்தியை உடைத்து, புதிர் விடுபட்ட சந்தோஷத்தில் உலகத்துக்கே படித்துக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தால், வசப்படாமல் இருப்பதே நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது.