சுற்றியிருந்து கேட்ட ஊர்: சவுண்ட்பாரா, ஹோம் தியேட்டரா?

சனிக்கிழமைகளில் படம் போட்டுக் கதைக்கிற அறைக்கு நல்ல ஒலிச்சாதனம் ஒன்று வாங்கக் காசு சேர்த்தோம். சவுண்ட்பாரா, முழு ஹோம் தியேட்டரா என்று குழு ரெண்டாகப் பிரிந்தது. வாக்குவாதம் ரெண்டு கிழமை ஓடியது. அதற்குள்தான் எங்களுக்கு ஒன்று உறைத்தது: இந்த வாவிக்கரையில் சனம் எப்படிக் கேட்டு வந்தது என்று பார்க்காமல், பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் வாவி. மீன்பாடும் தேன்நாடு என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். பிரித்தானிய ஆட்சியில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1848இல் தோணியில் போய் அந்த ஒலியைக் கேட்டார். 1859இல் வந்த தன்னுடைய இலங்கை பற்றிய நூலில் அதை எழுதியும் வைத்தார். தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஒலி நன்றாகக் கூடியது என்கிறார். நம்மட மீனவர்களுக்கு இது புதினமில்லை. துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு, மேல்நுனியில் காதை வைத்துக் கேட்பார்கள். இங்கே முதல் ஸ்பீக்கர் மரம்தான். பின்னாளில் லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவுசெய்ய, அது இலங்கை வானொலியிலும் போனது.

அடுத்தது கூத்து. வட்டக்களரியில் மத்தளமும் சல்லாரியும் பிற்பாட்டும் உள்ளே, சனம் சுற்றிவர. விடியவிடிய நடக்கும். எந்தப் பக்கம் இருந்தாலும் அண்ணாவியாரின் குரல் வரும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘இராவணேசன்’ 1964இலும் மேடையேறின. கூத்துக்கு அது பெரிய மரியாதை, மறுக்கேலாது. ஆனால் வட்டம் போய்ப் படச்சட்டமேடை வந்தது. மூன்று பக்கத்துச் சனமும் முன்னுக்கு வந்து இருந்தது.

இப்ப நம்மட கேள்விக்கு வருவோம். எல்லா ஒலியையும் முன்னாலிருந்து தருவது சவுண்ட்பார், படச்சட்டமேடை மாதிரி. 5.1 ஹோம் தியேட்டர் உங்களை நடுவில் இருத்தி, ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் சுற்றி வைக்கிறது. பார்த்தால் வட்டக்களரி மாதிரித்தான் தெரியும். ஆனால் தலைகீழ். களரியில் ஒலி நடுவில், சனம் சுற்றி. இதில் ஒரு கதிரை நடுவில், ஒலி சுற்றி. அந்தக் கதிரையை விட்டுத் தள்ளி இருப்பவருக்குப் பாதி வித்தை போய்விடும்.

றேடியோ காலம் களரியோடு சேர்ந்தது. கொழும்பில் 1925இல் ஒலிபரப்பு தொடங்கியது. ஊரில் றேடியோ உள்ள வீடுகள் கொஞ்சம்தான். விறாந்தையில் அதை வைத்தால் அயலே கூடும். ரூபவாஹினி 1982இல் வந்தது. கரண்ட் இல்லாத இடங்களில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, முற்றத்தில் படம் ஓடியது. 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடு தமிழுக்கு வந்தபோது, படுவான்கரையில் பல ஊர்களுக்குக் கரண்டே இல்லை. அந்தக் காலத்து இரவுகளில் ஒரு சின்ன றேடியோவில் பிபிசி தமிழோசை கேட்க ஏழெட்டுப் பேர் குந்தியிருப்பார்கள். யார் செத்தது, எந்தப் பாதை பூட்டு என்று அறியத்தான் அந்தக் கூட்டம்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஹோம் தியேட்டர் கட்சி விடவில்லை. ஒரு நண்பரின் வீட்டு 5.1 செட்டைக் கொண்டுவந்து பூட்டினோம். யுத்தப் படம் ஒன்று. பின்னாலிருந்து ஹெலிகொப்டர் வந்து தலைக்கு மேலால் போனது. நாங்கள் வாயைப் பிளந்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பி வெளியே போய்விட்டா. அவ 2007இல் படுவான்கரையிலிருந்து பிள்ளைகளோடு ஓடி வந்தவ. “பின்னால சத்தம் வந்தா எனக்குக் காலு நிக்காது மனே” என்றா.

அதுக்குப் பிறகு வாக்குவாதம் இல்லை. சவுண்ட்பார் வாங்கினோம்.

வாங்கப் போறவர்களுக்கு நாங்கள் கற்ற ரெண்டு விசயம். ஒன்று, மேலே பார்த்த ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார்கள் ஒலியைச் சீலிங்கில் எறிந்து திருப்பி எடுக்கின்றன. தட்டையான சீலிங் வேணும். ஓட்டுக்கூரையும் சரிந்த சீற்றும் உள்ள நம்மட வீடுகளில் அதற்குக் கூடக் காசு குடுப்பது வீண். ரெண்டாவது, ஹோம் தியேட்டருக்குக் கதவு பூட்டின தனி அறையும், நடுவில் நிரந்தரமாக ஒரு இருக்கையும் வேணும். ரெண்டும் இருந்து, வீட்டில் ஒருவருக்கும் அந்தச் சத்தம் நோகாது என்றால், தாராளமாக வாங்குங்கோ. பட ஒலியில் அதை சவுண்ட்பார் வெல்லாது.

எங்கட அறையில் சனம் பாயில் இருக்கும், சுவரில் சாயும், பிள்ளைகள் குறுக்கால ஓடும். நடுக்கதிரை என்று ஒன்று அங்கே இல்லை. அந்த அம்மா போன சனிக்கிழமையும் வந்தா. பின்வரிசையில்தான் இருந்தா, படம் முடியும்வரைக்கும்.