பாலாற்றங்கரையில் பட்டை போய் குரோம் வந்த கதை

தமிழ்நாட்டுக்கு குரோம் தோல் வந்து சேர்ந்தது செருப்புக்காக அல்ல, கிணற்றுக்காக. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் ஆல்ஃபிரட் சாட்டர்டன், உள்ளூர்த் தொழில்களை மேம்படுத்துவதில் ஆர்வம் கொண்டவர். அந்நாளில் வயலுக்குத் தண்ணீர் இறைத்தது மாடு பூட்டிய கவலை. அதன் தோல் பகுதிகள் எந்நேரமும் ஈரத்திலேயே கிடந்ததால், பட்டையில் பதனிட்ட தோல் விரைவில் அழுகிப்போகும். குரோமிய உப்பில் பதனிட்ட தோலோ தண்ணீரைத் தாங்கும். 1903-இல் சென்னையில் அரசுச் செலவில் தொடங்கிய சாட்டர்டனின் சோதனைகளிலிருந்து உருவான முக்கியப் பொருட்களில் ஒன்று கவலைக்கான தோல். கிணற்று நீரை மேலே கொண்டுவர உதவிய அதே வேதிப்பொருள், அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து வேலூர் வட்டாரக் கிணறுகளைக் கெடுக்கும் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். இந்தியாவுக்கான செயலர் மார்லி பிரபு 1910-இல் அதற்குத் தடை போட்டார். ஆனால் செய்முறை தனியாரிடம் பிழைத்துக்கொண்டது. பல்லாவரத்தை அடுத்து ஜி. ஏ. சேம்பர்ஸ் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியை ஒட்டி வளர்ந்த ஊர்தான் இன்றைய குரோம்பேட்டை.

பாலாற்றங்கரையில் அப்போதும் ஆட்சி செலுத்தியது பட்டைதான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளில் தோல் வாரக்கணக்கில் கிடந்து பதப்படும். அப்படித் தயாரான பசுத்தோலுக்கு இங்கிலாந்துச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா கிப்’ என்று பெயர். மொரீஷியஸிலிருந்து வந்த சார்லஸ் டி சூசா என்ற யூரேசியர் 1840-களில் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார் என்று தோல் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தொழில் பரவியதற்குக் காரணங்கள் தெளிவானவை. குன்றுச் சரிவுகளில் ஆவாரம்புதர்கள் இருந்தன. தோல் வணிகத்தில் தேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. பாடுபட்டு உழைக்கத் தலித் தொழிலாளர்கள் இருந்தார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து ராணிப்பேட்டைக்கு அருகிலுள்ள வாலாஜா ரோடு வரை போடப்பட்டதால், சென்னைப் பெரியமேட்டின் தோல் மண்டிகள் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் இருந்தது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, 348 கிலோமீட்டர் கடந்து, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலை அடையும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும். மணலைத் தோண்டினால் மட்டும் ஊற்றெடுக்கும். அந்த ஊற்றிலிருந்து கால்வாய் வெட்டி வயலுக்குப் பாய்ச்சியவர்கள் இந்தப் பகுதி விவசாயிகள். மேலே ஆறு இல்லாவிட்டாலும் கீழே ஒரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் கூடங்கள் தண்ணீர் எடுத்ததும் அதிலிருந்துதான். கழிவை விட்டதும் அதன் தலைமீதுதான்.

பட்டைக் காலத்துக் கழிவு தூய்மையானது என்று சொல்ல முடியாது. நாற்றம் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது. தோல் கெடாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு அளவுக்குப் போடும் உப்பு, ஊறவைக்கும்போது கரைந்து வெளியேறியது. ஆனால் உற்பத்தியின் அளவு சிறியது. பட்டைச் சாறு மக்கக்கூடியது.

கணக்கு மாறியது 1970-களில். பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்பினால் லாபம் வெளிநாட்டுக்காரருக்கே போகிறது என்று வாதிட்ட சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, 1973 முதல் அரசு கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. பொருளாதார நோக்கில் பார்த்தால் சரியான முடிவு. முழுமையாகப் பதனிட்ட தோல், அதன் பிறகு ஷூ, கைப்பை என்று ஏற்றுமதி பெருகியது. ஆம்பூரின் ஷூ ஆலைகளில் பெண்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் வாரக்கணக்கில் பட்டைக் குழியில் கிடந்த தோல், இப்போது டிரம்மில் சுழன்று ஓரிரு நாளில் குரோம் ஏறி வெளியே வந்தது. வழக்கமான முறையில் தோல் பிடித்துக்கொள்ளும் குரோமியம் 60 முதல் 70 விழுக்காடு. மீதி கழிவுநீரோடு போனது. அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் ஏற்றுமதிக் கொள்கையோடு சேர்ந்து வரவில்லை.

இதே காலத்தில் ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை தொடங்கியது. தோல் ஷாப்புகளுக்கு வேண்டிய குரோமிய உப்பைத் தயாரித்த அது, 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்தவெளியில் குவித்து வைத்துவிட்டுப் போனது. தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் அவ்வளவாகக் கரையாது; களிமண்ணிலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்ளும். குரோமேட் ஆலைக் கழிவில் இருப்பதோ அறுவிணைதிறக் குரோமியம். அது நீரில் எளிதாகக் கரைந்து நிலத்தடியில் நெடுந்தூரம் போகும், புற்றுநோயும் தரும். நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் 2006-இல் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றது இந்தக் குவியலால்தான்.

ஆற்றுக்குள் போன மூவிணைதிறக் குரோமியம் மறைந்துவிடவில்லை. ஏரிச் சேற்றிலும் ஆற்றுப் படுகையிலும் அடுக்கடுக்காய்ப் படிந்தது. வற்றிய ஆறு அதைக் கடலுக்குத் தள்ளாது. 2021 நவம்பரில் வந்ததுபோன்ற பெருவெள்ளம்தான் வண்டலைக் கிளறி முகத்துவாரம் வரை இழுத்துச் செல்லும். ஆற்றின் பழைய கணக்கு வேண்டும் என்றால் ஆய்வாளர்கள் நீரை மட்டுமல்லாமல் வண்டலையும் துளையிட்டு எடுப்பது இதனால்தான். இன்றைய நீர் இன்றைய கழிவைச் சொல்லும். அடி வண்டல் அப்பா காலத்துக் கழிவையும் சொல்லும்.

இந்த மாசுக்கு எதிராக 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வின்படி, தோல் ஷாப்புகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், 170 வகை வேதிப்பொருட்கள் என்ற விவரங்களும் வழக்கில் பதிவாயின. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று இந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. அதன்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம், 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2001-இல் கணக்கிட்டது.

நீதிமன்றம் இழப்பை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில், ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் எம். தங்கராஜன் வேறொரு கணக்கைப் போட்டார். மேல் பாலாற்றுப் படுகையில் நீர் எந்தத் திசையில், என்ன வேகத்தில் நகர்கிறது, கரைந்த உப்பு அதோடு எப்படிப் போகிறது என்பதை எண் மாதிரியாக அமைத்து 1999-இல் வெளியிட்டார். முடிவு கசப்பானது. ஷாப்புகளிலிருந்து வரும் மாசைப் பாதியாகக் குறைத்தாலும், 20 ஆண்டுகளுக்குப் பிறகும் நிலத்தடி நீரின் உப்பு பாதிக்குக் கீழே இறங்காது. குழாயை மூடியவுடன் கிணறு தெளிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பை அந்த ஆய்வு உடைத்தது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் 1990-களிலேயே வந்தன. நுண்ணுயிர்களை வைத்து அவை கரிமக் கழிவைக் குறைத்தன. உப்பை அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பின்னர் எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் சேர்ந்து கழிவுநீரே வெளியேறாத முறை வந்தது. நீர் மிஞ்சியது, கூடவே யாருக்கும் வேண்டாத கலப்பு உப்பும் மூட்டை மூட்டையாக மிஞ்சியது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச்சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்து, அருகில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் மடிந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு வழங்கியது. இழப்பீடு வந்து சேராதவர்களுக்கு அரசு உடனே கொடுத்துவிட்டு, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். சீரமைப்பைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைய வேண்டும் என்றது. முதல் மனுவுக்கும் இதற்கும் இடையே ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

குழு அமைப்பதோடு வேலை முடியாது. குடிநீரில் குரோமியத்துக்கு இந்திய வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், கரைந்த திண்மங்களுக்கு, வேறு நீரே இல்லாத இடத்திலும், 2,000 மில்லிகிராம். இந்த இரண்டு எண்களையும் பாலாற்றுப் படுகையின் ஒவ்வொரு ஊர்க் கிணற்றிலும் ஆண்டுதோறும் அளந்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். கிணற்றுக்காரருக்கே தெரியாத கணக்கை எந்த நீதிமன்றமும் தீர்த்துவைக்க முடியாது.